அம்மாவின் நாக்கும் அறுபது வெள்ளி டப்பாவும்

மாணவர்களே, முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது பேரங்காடி ஒன்றில் மணமூட்டிய தேயிலை ஒரு டப்பா வாங்கினேன். ஏர்ல் கிரே வகை. பெர்கமோட் என்னும் எலுமிச்சைக் குடும்பப் பழத்தின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயின் மணம் ஏற்றிய கறுப்புத் தேயிலை. பையில் அடைக்காத உதிரி இலை. 100 கிராம், 60 வெள்ளி. வீட்டில் அதே வகைத் தேயிலை, மளிகைக் கடையில் 12 வெள்ளிக்கு வாங்கியது, பாதிப் பொட்டலம் மீதமிருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, புது டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் கலக்கினேன். பால் இல்லை, சீனி இல்லை.

அம்மா ஒரு மிடறு குடித்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. இலைதான் சரியில்ல. முத்தின இலை" என்றார்.

"இது வெளிநாட்டுச் சரக்கும்மா. உங்களுக்குப் பழக்கமில்ல" என்று சொல்லிச் சிரித்தேன்.

என் அம்மா இளம் வயதில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவர். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் டப்பாவின் மேல் இருந்த பொன்னிற எழுத்து எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மா பதில் பேசாமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

படிவம் நான்கில் படிக்கும் என் அக்காள் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். "மாமா, நீங்க சொல்றது சரியா, பாட்டி சொல்றது சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சுவைப்பது நாக்கு மட்டும்தானா?

இரண்டு தேநீரை ஒப்பிடுவது எளிய வேலை என்று நாம் நினைக்கிறோம். இதில் குடிப்பதும் சொல்வதும் தவிர வேறென்ன இருக்கிறது? முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மணமூட்டிய தேநீரை ஆறவிட்டு, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பெர்கமோட்டும் இருக்காது, மல்லிகையும் இருக்காது. கொஞ்சம் கசப்பும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சும். விழுங்கிய பிறகு மூக்கை விடுங்கள். மணம் குப்பென்று வந்து சேரும்.

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் ஐந்து: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. தேநீரின் கசப்புக்குக் காப்பீனும் கேட்டெச்சின்களும் காரணம். துவர்ப்பைத் தமிழில் அறுசுவைக்குள் வைத்திருக்கிறோம். உடலியல் நோக்கில் அது பெரும்பாலும் தொடு உணர்வு. தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு சேர்ந்துகொள்வதால் வாயின் வழவழப்பு குறைந்து, நாக்கில் சொரசொரப்புத் தட்டுகிறது. தே தாரிக்கில் இந்தத் துவர்ப்பு அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணம், பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அந்தப் பாலிஃபீனால்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதுதான்.

மற்றவை எல்லாம் மூக்கின் வேலை. வாயிலுள்ள தேநீரின் ஆவி தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கை அடைகிறது. மனிதரின் மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண உணர்விகள் உள்ளன. இவை எப்படி இயங்குகின்றன என்பதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. தேயிலைச் சோதகர்கள் கரண்டித் தேநீரை 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுவதற்கும் இதுவே காரணம். உறிஞ்சும்போது தேநீர் துளித்துளியாகச் சிதறி, அதன் மணம் விரைவாக மூக்குக்கு ஏறுகிறது. வீட்டில் அப்படிக் குடித்தால் திட்டு விழும்!

மணம் எப்படி இலைக்குள் போகிறது?

காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். தேத்தூள் இருக்கும் அலமாரியில் சவர்க்காரத்தை வைக்க அம்மா இன்றும் விடமாட்டார். இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் சீனாவின் பூச்சோ நகரில் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். நம் பெண்கள் தலையில் சூடும் குண்டுமல்லி வகைதான் அங்கேயும். பகலில் பறித்த மொட்டு இரவில்தான் விரியும். வீட்டில் சரம் கட்டியவர்களுக்கு இது தெரியும். விரிகிற நேரத்தில் பூவையும் இலையையும் கலந்து வைக்கிறார்கள். மணத்தை இலை வாங்கிக்கொண்டதும் பூவை நீக்கிவிடுகிறார்கள். உயர்ந்த வகைக்கு இதைப் பலமுறை திரும்பச் செய்வார்கள்.

வேறு வழிகளும் உண்டு. இஞ்சி, ஏலக்காய், உலர்ந்த பழத்தோல் முதலியவற்றை இலையோடு கலப்பது ஒன்று. எண்ணெயையோ மணச்சாற்றையோ இலைமேல் தெளிப்பது இன்னொன்று. ஏர்ல் கிரே இந்த இரண்டாவது வழியில் செய்யப்படுவது. நம் நாட்டுப் பொட்டலங்களில் பொருள்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பழத்துண்டுகள் கண்ணுக்குத் தெரிந்தாலும், பட்டியலில் 'பெரிசா' என்ற மலாய்ச் சொல் இருந்தால் மணச்சாறும் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

மணச்சாறு என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பெர்கமோட் எண்ணெயில் இருக்கும் லினாலூல் என்ற மூலக்கூறு மல்லிகையிலும் உண்டு, தேயிலையிலேயேகூட உண்டு. அது பூவிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று லினாலூலைப் பார்த்து மூக்கு கேட்பதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். பலமான மணம் பலவீனமான இலையை மறைத்துவிடும். மணமூட்டிய தேயிலைகளை ஒப்பிடுவது இதனால்தான் கடினம். ஒரே கோப்பைக்குள் இலையும் மணமும் கலந்து கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே மூன்றாவதாக டப்பாவும் உட்கார்ந்திருக்கிறது!

கண்ணும் விலையும் செய்யும் குறும்பு

டப்பா எப்படிச் சுவையைக் கெடுக்கும் என்று கேட்கிறீர்களா? 2001இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பிரான்சின் போர்தோ நகரில் திராட்சை மதுவின் தரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம் வெள்ளை மதுவையே சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சாயத்துக்கு மணமே கிடையாது. அப்படியிருந்தும் மாணவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். அந்தத் துறையைப் படித்தவர்களே கண் சொன்னதைத்தான் முகர்ந்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளை கண்ணையும் மூக்கையும் நினைவையும் எதிர்பார்ப்பையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் சுவை என்ற முடிவுக்கு வருகிறது. நானும் அன்று பொய் சொல்லவில்லை. 60 வெள்ளித் தேநீர் எனக்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் அந்த நன்மையில் எவ்வளவு இலையுடையது, எவ்வளவு என் பணப்பையுடையது? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழி, பெயரை மறைத்துச் சுவைப்பதுதான்.

எட்டுக் கோப்பைகள்

இந்த வழியை அறிவியல் உலகில் புகழ்பெறச் செய்ததும் தேநீர்தான். 1920களின் தொடக்கம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். பாசிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த முரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணிக்கு, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். அவர் மறுத்துவிட்டார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றிய தேநீர்தான் தமக்குப் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, வேறுபாடே தெரியாது என்றார் ஃபிஷர். தெரியும் என்றார் பிரிஸ்டல். சோதித்துப் பார்க்கலாமே என்றார் அருகிலிருந்த வில்லியம் ரோச் என்ற வேதியியலாளர்.

ஃபிஷர் 1935இல் எழுதிய சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இந்தச் சோதனையை விளக்குகிறார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை குலுக்கல் முறையில். சுவைப்பவர் 'பால் முதலில்' கோப்பைகள் நான்கையும் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால், நான்கும் சரியாக அமைய 70இல் 1 வாய்ப்புத்தான். மூன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் அமைய 70இல் 16. ஆகவே மூன்று சரி என்பதை வைத்து எதையும் நிலைநாட்ட முடியாது. நான்கும் சரியென்றால்தான் பேச்சு.

முடிவு என்னவென்று அந்த நூலில் ஃபிஷர் எழுதவில்லை. எட்டையும் அவர் சரியாகச் சொன்னார் என்பது அங்கே இருந்ததாகச் சொன்ன ஒருவரின் பிற்காலக் கூற்று. எனக்கு முடிவைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஒரு பெண் சொன்னதை மறுத்தவர்கள், அதை அத்தோடு விட்டுவிடவில்லை. சொன்னதை நிரூபிக்க அவருக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுத்தார்கள். நான் என் அம்மாவுக்கு அதைக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சோதனை

மறுநாள் அக்காள் மகள் சோதனையை நடத்தினாள். தமிழ்ப்பள்ளியில் நீங்கள் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி மூன்றும் நினைவிருக்கிறதா? இங்கே தற்சார்பு மாறி தேயிலை. மற்ற எல்லாவற்றையும் கட்டுப்படுத்த வேண்டும். அங்கேதான் வேலை.

தேயிலையை ஒப்பிடுவதற்கென்றே ஓர் அனைத்துலகத் தரநிலை இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர். 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். தேநீர் போட ஒரு விதிமுறையா என்று சிரிக்கலாம். பிரிட்டிஷ் தரநிலைக் கழகத்தின் இதே போன்ற ஆறு பக்க விதிமுறைக்கு 1999இல் இக்நோபல் என்ற நகைச்சுவைப் பரிசும் கிடைத்தது. ஆனால் இது சுவையான தேநீர் போடும் குறிப்பு இல்லை. எல்லோரும் ஒரே மாதிரிப் போட்டால்தான் ஒப்பிட முடியும் என்பதற்கான குறிப்பு.

கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்தோம். பெரிய இலை ஒரு கரண்டிக்குள் குறைவாகத்தான் அடங்கும். பொடி இலை அதிகமாக அடங்கும். நிறம் தெரியாமலிருக்க உட்புறம் கறுத்த கோப்பைகள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று கோப்பைகள்: இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு. வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். எது எங்கே என்பதைப் பகடை தீர்மானித்தது. 1, 2, 3 என்று எண்ணிட்டால் மனம் முதலாவதையே உயர்வாக நினைக்கும் என்று, 471, 208 என்பதுபோல் மூவிலக்க எண்கள் இட்டோம். சமையலறையில் ஊற்றியது அக்கா. எதை ஊற்றினார் என்று தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தது அவர் மகள். கொடுப்பவரின் முகம்கூடக் குறிப்புக் காட்டிவிடக்கூடாது அல்லவா? அம்மாவும் நானும் தனித்தனி அறையில். இடையிடையே வெந்நீரால் வாய் கொப்பளிப்பு.

முதல் சுற்று வீணாயிற்று. "மாமா, அந்தக் கோப்பை மட்டும் சூடா இருக்கு. நீங்க சூட்டை வச்சே சொல்லிடுவீங்க" என்று அவளே நிறுத்திவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்கு ஆறவைத்து மீண்டும் தொடங்கினோம். ஆளுக்கு ஆறு சுற்றுகள்.

நான் சரியாகச் சொன்னது 2. மூன்றில் ஒன்றை ஊகிப்பவனுக்கு ஆறு சுற்றில் சராசரியாக 2 கிடைக்கும். அதாவது, நான் குடிக்காமலே பகடையை உருட்டியிருந்தாலும் அதே மதிப்பெண்தான். 60 வெள்ளியையும் 12 வெள்ளியையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அம்மா சரியாகச் சொன்னது 5.

வெறும் ஊகத்தில் 5 அல்லது அதற்கு மேல் கிடைக்க 729இல் 13 வாய்ப்பு. நூற்றுக்கு 2க்கும் குறைவு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஈருறுப்புப் பரவல் பயிற்சியாக இருக்கும்.

"எப்படிப் பாட்டி?" என்று கேட்டாள் பேத்தி.

"மூக்கை விட்டுடுமா. ரெண்டும் ஒரே வாசனைதான். முழுங்கின பிறகு நாக்குல எது நிக்குதுன்னு பாரு" என்றார் அம்மா. பெர்கமோட் மணத்தில் நான் மயங்கிக் கிடந்தபோது, அவர் அதைத் தாண்டித் துவர்ப்பைக் கவனித்திருக்கிறார்.

முற்றிய இலை என்று அவர் சொன்னது சரியா? அதை இந்தச் சோதனை சொல்லாது. அவரால் வேறுபாட்டை அறிய முடிகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. சோதனை சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக்கூடாது. எனவே வடிகட்டிய இலைகளை இரண்டு தட்டுகளில் பரப்பினோம். சோதகர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். என் டப்பா இலையில் காம்புகள் அதிகம். அம்மா ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கிக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. நான்தான் பேசினேன், மன்னிப்புக் கேட்டு.

"ரெண்டுல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு பாட்டி?" என்று கேட்டாள் அக்காள் மகள். "ரெண்டும் வேணாம். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தே ஓ கொடு" என்றார் அம்மா. வேறுபாட்டை அறிவது வேறு, பிடிப்பது வேறு. பிடித்ததற்கு யாரும் சான்று காட்ட வேண்டியதில்லை.

வெறும் தேநீர்தானே?

'இவ்வளவு பாடு எதற்கு? சுவை அவரவர் விருப்பம்' என்று நீங்கள் சொல்லலாம். விருப்பம் உங்களுடையதுதான். ஆனால் 'இது உயர்ந்தது', 'எனக்கு வேறுபாடு தெரியும்', 'அவருக்கு என்ன தெரியும்' ஆகிய மூன்றும் விருப்பங்கள் இல்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகள். புதிய மருந்தைச் சோதிக்கும்போது உண்மை மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் ஒரே தோற்றத்தில் செய்து, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். கோப்பையில் பழகிய நேர்மைதான் மருத்துவமனையில் உயிரைக் காக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்யும் பெரும்பாலான சோதனைகளுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். நீல லிட்மஸ் சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால், ஆனதாக எழுதிவிட்டுப் போகிறோம். உண்மையைச் சொல்லுங்கள், ஒருமுறையாவது எண்களைச் 'சரிசெய்து' அறிக்கை எழுதியிருப்பீர்கள். தேநீர்ச் சோதனையில் முடிவு யாருக்கும் தெரியாது. ஆசிரியருக்கும் தெரியாது. எண்ணைச் சரிசெய்ய வழியே இல்லை. விடை தெரியாத கேள்வியின் முன் நிற்பது எப்படியிருக்கும் என்பதை மாணவர் உணர, தராசும் கெண்டியும் போதும். ஒவ்வொரு பள்ளி அறிவியல் கழகமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

செய்யும்போது சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு கரண்டி போதும், விழுங்கவும் தேவையில்லை. காப்பீன் இருப்பதால் இரவில் வேண்டாம். கொட்டை, மசாலா ஒவ்வாமை உள்ளவர்கள் பொருள்களின் பட்டியலைப் படித்துவிட்டே தொடுங்கள். பெயர் எழுதிய தாளை முடிவுவரை யாரும் திறக்கக்கூடாது.

முடிவாக ஒன்று. பெயரை மறைக்கும் சோதனை ஆட்களை மட்டம் தட்டுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். என்னை அது மட்டம் தட்டியது உண்மை. ஆனால் அம்மாவை அது உயர்த்தியது. மூவிலக்க எண் ஒட்டிய கோப்பைக்கு விலை தெரியாது. அதைச் சுவைப்பவர் பட்டம் பெற்றவரா, மலையில் கூடை சுமந்தவரா என்பதும் தெரியாது. கேமரன் மலையில் 1929இல் பெரிய அளவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலம்தொட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். அந்த அறிவைப் பலர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே சொல்லாமலே இருக்கிறார்கள். சொன்னால், என்னைப்போல் ஒருவன் சிரித்துவிடுகிறான்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஏதாவது தமக்குத் தெரியும் என்று சொன்னால், உடனே நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். மூன்று கோப்பைகளை எடுத்து வையுங்கள்.